தண்ணீரை விட்டு எழும் மிதவை

(பொட்டிபுரத்தில் மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய உரை. அச்சுக்காகச் சற்றே சீர்செய்யப்பட்டது.)



2024 நவம்பர் 11 அன்று, நமக்கு வடமேற்கே, இந்த மலைக்கு அந்தப் பக்கம், மாட்டுப்பெட்டி அணைத் தண்ணீரில் ஒரு விமானம் வந்து இறங்கியது. கொச்சி போல்காட்டியில் காயலிலிருந்து கிளம்பிய ட்வின் ஆட்டர் அது. கனடா நாட்டு டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் விமானம். சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு நீளமான மிதவைகள். அன்று நடந்தது சோதனை ஓட்டம் மட்டுமே. ஆனால் நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் மாட்டுப்பெட்டி 30 கிலோமீட்டருக்குள்தான் வரும். போடிமெட்டு ஏறி, பூப்பாறை போய், மூணாறு சுற்றிப் போகிறவர்களுக்குத்தான் அது தூரம்.

அந்த விமானம் இறங்கிய வீடியோவைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் என்னிடம் கேட்ட கேள்விதான் இன்றைய பேச்சுக்குக் காரணம். "சார், நம்ம ரிமோட் விமானத்தைக் கண்மாயில் இறக்க முடியுமா?" முடியும். அதற்கு வேண்டிய மிதவையை வீட்டிலேயே செய்யலாம். எப்படிச் செய்வது, எதில் செய்வது, எந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதையெல்லாம் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மிதவை என்றதும் நம் கவனமெல்லாம் மிதப்பதில் போய்விடுகிறது. மிதப்பது சுலபம். மூடிய வாட்டர் கேன்கூட மிதக்கும். தண்ணீர் பிடித்து இழுக்கும்போது அதை உதறிவிட்டு மேலே எழுவதுதான் கடினம். அதற்கு வடிவம் வேண்டும், எடைக்குறைவு வேண்டும். இந்த இரண்டில் வடிவத்தைத்தான் நான் முதலில் வைப்பேன். கனமான மிதவையை நல்ல மோட்டார் எப்படியோ தூக்கிவிடும். வடிவம் தவறிய மிதவையை எந்த மோட்டாராலும் காப்பாற்ற முடியாது.

நீரிலிருந்து எழுந்த முதல் விமானம் பிரான்ஸில் பறந்தது. 1910 மார்ச் 28 அன்று, மார்செய் நகருக்குப் பக்கத்தில் பெர் என்னும் உப்பங்கழியில், ஆன்றி ஃபாப்ர் என்பவர் அதைச் செய்தார். நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா விமானங்கள் நின்றன. வங்கக் கடலைச் சுற்றிக் காவல் பறந்துவிட்டு அந்த ஏரியில்தான் வந்து இறங்கின. இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் கொக்கல வாவியும் அப்படித்தான். 1942 ஏப்ரல் 4 அன்று அங்கிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினாதான் ஜப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருவதைப் பார்த்துத் தகவல் அனுப்பியது. விமானி லெனர்ட் பர்ச்சல், கனடா நாட்டவர். கேட்டலினாவில் விமானத்தின் உடலே படகு மாதிரி இருக்கும். பக்கவாட்டில் சாயாமலிருக்க இறக்கை நுனிகளில் சிறு மிதவைகள். மேலே எழுந்ததும் அவை மடங்கி இறக்கையின் நுனியாகவே ஆகிவிடும். அழகான யோசனைதான். ஆனால் நமக்கு இன்று வேண்டியது ட்வின் ஆட்டர் வகை: ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் விமானத்தில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மிதவையை மாட்டுவது. கண்மாயில் தண்ணீர் வற்றினால் மறுபடி சக்கரம் போட்டுத் தரையில் பறக்கலாம்.

சரி, மிதவை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பெரிய விமானங்களுக்கு அமெரிக்க விமானத்துறை நெடுங்காலம் வைத்திருந்த விதி இது: ஒவ்வொரு மிதவையும் தன் பங்குக்குத் தாங்கவேண்டிய எடையைவிட 80 சதவீதம் கூடுதலாக நன்னீரில் தாங்க வேண்டும். உள்ளே தண்ணீர் புகாத அறைகள் குறைந்தது நான்கு இருக்க வேண்டும். ஓர் அறை ஓட்டையானாலும் மற்றவை காப்பாற்றும். நம் மாதிரிக்கு நான் முழு இரண்டு மடங்காகவே கணக்கு வைக்கிறேன். பெரிய விமானத்துக்குச் சிற்றலையாகத் தெரிவது நம் மிதவைக்குப் பெரிய அலை. அந்தக் கூடுதல் தேவைப்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இறக்கை ஒன்றரை மீட்டர் அகலம், உடல் 110 சென்டிமீட்டர் நீளம் உள்ள பயிற்சி விமானம். சக்கரம் இல்லாமல், பேட்டரியோடு 1,400 கிராம். மிதவையும் அதை மாட்டும் கம்பியும் சேர்ந்து 250 கிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,650 கிராம். இதன் இரண்டு மடங்கு 3,300. ஒரு கிராம் நன்னீருக்கு ஒரு கன சென்டிமீட்டர் என்பதால், ஒவ்வொரு மிதவையும் 1,650 கன சென்டிமீட்டர் கொள்ள வேண்டும். மிதவை நீளம் உடலின் நீளத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் இருந்தால் நல்லது, 85 சென்டிமீட்டர் வைப்போம். அகலம் ஆறரை, உயரம் ஐந்து. மூக்கும் வாலும் சரிவதால் முழுக் கட்டையில் சுமார் அறுபது சதவீதம்தான் மிஞ்சும். பெருக்கிப் பாருங்கள், 1,650-ஐ ஒட்டி வருகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்குதான் இது. ஆனால் இதைப் போடாமல் கண்ணளவில் வெட்டுகிறவர்களே அதிகம்.

இனி, எதில் செய்வது? போடிநாயக்கனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் லிட்டர் எடையை விளக்கவேண்டியதில்லை. ஏலக்காயை ஒரு லிட்டர் அளந்து எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்த்துத்தானே தரம் பிரிக்கிறோம். நல்ல பருவட்டுக் காய் 400 கிராமுக்கு மேல் நிற்கும். அதே கண்ணோடு மிதவைப் பொருளையும் பாருங்கள். தண்ணீர் லிட்டருக்கு ஆயிரம் கிராம். பால்சா மரம் லிட்டருக்கு 100 முதல் 200 கிராம் வரை. குளிர்பதனக் கிடங்குச் சுவர்களில் ஒட்டும் நீல நிற, இளஞ்சிவப்பு நிற ஃபோம் அட்டை 30 முதல் 35 கிராம். டிவி பெட்டியோடு வரும் வெள்ளைத் தெர்மாகோல் 15 முதல் 20 கிராம்.

நம் மண்ணிலும் லேசான பொருட்கள் உண்டு. மலைத் தோட்டங்களில் மிளகுக்கொடி ஏற்றும் முள்முருங்கை லேசான மரம். ஆனால் மாதிரி விமானத்துக்கு அதுவும் கனம்தான். தஞ்சாவூரில் கோயில் மாதிரிகள் செய்யும் நெட்டி அதைவிடப் பல மடங்கு லேசு. ஆனால் தண்ணீரைக் குடிக்கும். அப்புறம் போடியின் சொந்தப் பொருளான இலவம்பஞ்சு. நமக்கு அது தலையணை, மெத்தை. உலகப் போரில் மாலுமிகளின் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இருந்ததும் அதே வகைப் பஞ்சுதான். இலவம் இழை ஒவ்வொன்றும் உள்ளே காற்று நிறைந்த நுண்குழாய். மேலே இயற்கையான மெழுகுப் பூச்சு. அதனால் அது தன் எடையைப்போல் 20 முதல் 30 மடங்கு பாரத்தைத் தண்ணீரில் தாங்கும். இருந்தும் அத்தகைய அங்கிகளில் பின்னாளில் பஞ்சைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பைகளில் அடைக்க வேண்டியிருந்தது. அங்கியைச் சுருட்டி மேலே உட்கார்ந்தால் பஞ்சு நசுங்கும், பை கிழியும், மிதக்கும் சக்தி போய்விடும். உள்ளே இருக்கும் பொருள் எவ்வளவு லேசாக இருந்தாலும், மேல்தோல் நன்றாக இருந்தால்தான் அந்த லேசு நிலைக்கும்.

தெர்மாகோலின் குறையும் இதுதான். மணிமணியாக ஒட்டியிருக்கும் பொருள் அது. மணிகளுக்கு இடையே தண்ணீர் மெதுவாக நுழையும். நீல ஃபோமில் அறைகள் மூடியிருப்பதால் தண்ணீர் அநேகமாக ஏறாது. இரண்டையும் எடை போட்டுப் பார்ப்போம். நம் 1,650 கன சென்டிமீட்டர் மிதவை நீல ஃபோமில் 53 கிராம் வரும், தெர்மாகோலில் 30 கிராமுக்கும் குறைவு. ஜோடிக்கு 50 கிராம் மிச்சம். ஆனாலும் நான் நீல ஃபோமைத்தான் எடுப்பேன். ஐம்பது கிராம் மிச்சம்பிடிக்கிறேன் என்று தெர்மாகோலில் செய்தால், சின்ன ஓட்டை விழுந்த ஒரு மாலையில் அது அதைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்துவிடும். அதுவும் இரண்டு மிதவையும் சமமாகக் குடிக்காது. ஒரு பக்கம் கனத்த விமானம் எழும்பியதும் அந்தப் பக்கம் சாயும்.

இப்போது வடிவத்துக்கு வருவோம். நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போவது இங்கேதான்.

மாட்டுப்பெட்டி வீடியோவில் மிதவையின் அடிப்பக்கத்தைக் கவனித்தவர்கள் இருக்கிறீர்களா? அது மூக்கிலிருந்து வால்வரை ஒரே கோடாகப் போகாது. நடுவில் ஓரிடத்தில் திடீரென்று ஒரு படி மேலேறும். பின்பகுதி அந்தப் படியிலிருந்து தொடங்கி வாலை நோக்கிச் சரிந்து உயரும். இந்தப் படி இல்லாவிட்டால் மிதவை வெறும் படகு. படகு தண்ணீரிலேயே இருக்கும், அதுதான் படகின் வேலை.

விமானம் கிளம்பும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் மிதவை தண்ணீரை உழுதுகொண்டு போகிறது. வேகம் கூடக்கூட மூக்கு தூக்கிக்கொள்ளும். பின்னால் அலை எழும். ஒரு கட்டத்தில் தண்ணீரின் எதிர்ப்பு உச்சத்துக்குப் போகிறது. முழு வேகம் கொடுத்தும் விமானம் அங்கேயே திணறுவதுபோல் தெரியும். பெரிய கடல்விமானங்களில் இந்த இடத்தில் தண்ணீரின் எதிர்ப்பு விமான எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குவரை வரும். அந்த உச்சத்தைத் தாண்டிவிட்டால் மிதவை தண்ணீர்மேல் ஏறிச் சறுக்கத் தொடங்கும். அப்போது படிக்கு முன்னால் இருக்கும் அடிப்பகுதி மட்டுமே தண்ணீரைத் தொடும். படிக்குப் பின்னால் காற்று புகுந்து நிற்கும். வால்பகுதி தண்ணீரைத் தொடாமல் மேலே இருக்கும். அப்போதுதான் விமானி மூக்கைச் சற்றே தூக்க முடியும், இறக்கை எடையை வாங்கிக்கொள்ளும்.

டம்ளரிலிருந்து தண்ணீரை மெதுவாகச் சாய்த்தால் அது நேராக விழாமல் டம்ளரின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வழிகிறதே, அந்தக் குணம்தான் இங்கே எதிரி. வளைந்த பரப்பைத் தண்ணீர் விடாது. விளிம்பு கூர்மையாக முடிந்தால்தான் விட்டுப் பிரியும். ஆகவே படியின் விளிம்பு கத்திபோல் இருக்க வேண்டும். அடிப்பக்கமும் பக்கச் சுவரும் சேரும் இரண்டு ஓரங்களும் அப்படியே. ஃபோமை உப்புத்தாளால் தேய்க்கும்போது எல்லா மூலையையும் அழகாக உருட்டிவிட வேண்டும் என்று கை துடிக்கும். மேல்பக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் உருட்டுங்கள். அடி ஓரத்தில் கை வைக்காதீர்கள். உருண்டுபோன ஓரத்தில் தண்ணீர் சுவரேறி, மேல்தட்டுவரை வந்து, சுழலி மேலெல்லாம் தெறிக்கும்.

ஃபோம் விளிம்பு இயல்பாகவே மொண்ணை. மேலே ஒட்டும் கண்ணாடி இழைத் துணியும் கூர்மூலையில் படியாது. அதனால் முக்கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளைவுட் பட்டை ஒன்றைப் படியின் விளிம்பில், அடிப்பரப்போடு சமமாகப் பதித்து, பின்பக்கம் ஒரு மில்லிமீட்டர் நீட்டி ஒட்டிவிடுங்கள். துணியை அதுவரை கொண்டுவந்து நிறுத்துங்கள். காய்ந்தபின் ஓரத்தைத் தட்டையான கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் நேராக இழையுங்கள். நகத்தால் தொட்டுப் பார்த்தால் பிடிக்க வேண்டும். ஆறரை சென்டிமீட்டர் அகல மிதவைக்குப் படியின் உயரம் 10 முதல் 12 மில்லிமீட்டர் போதும்.

படி எங்கே வர வேண்டும்? விமானத்தின் எடை மையத்துக்கு நேர் கீழே, அல்லது அதிலிருந்து ஒரு சென்டிமீட்டர் பின்னால். மாதிரி விமானம் விடுகிறவர்கள் இதைச் சி.ஜி. என்பார்கள். இறக்கையின் அடியில் இரண்டு விரல்வைத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்கும் இடம். படி அதைவிட வெகுவாகப் பின்னால் போனால் மூக்கைத் தூக்கவே முடியாது. விமானம் கண்மாய்க் கரைவரை சறுக்கிக்கொண்டே போகும். முன்னால் போனால் வால் தாழ்ந்து, மூக்கு மேலும் கீழுமாகக் குதிக்கத் தொடங்கும். ஒவ்வொரு குதிப்பும் முந்தியதைவிடப் பெரிதாகும். மிதவையை மாட்டிய பிறகு சி.ஜி.யை மறுபடி பார்க்க மறக்காதீர்கள். மிதவை முன்னால் நீண்டிருப்பதால் பேட்டரியைப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும்.

அடிப்பக்கம் தட்டையாக இருக்கலாமா, ஆங்கில வி எழுத்துபோல் இருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். பெரிய விமானங்களுக்கு வி வடிவம் அவசியம். இறங்கும்போது தண்ணீர் அறைவதை அது தணிக்கும். நம் அளவுக்குத் தட்டையே நல்லது என்பது என் தீர்மானம். சீக்கிரம் சறுக்கத் தொடங்கும், வெட்டுவதும் எளிது. ஃபோம் வெட்டும் சூட்டுக் கம்பி ஒரே நேர்கோட்டில் ஓடினால் போதும். இறங்கும்போது கொஞ்சம் சத்தமாகத் தட்டும், அவ்வளவுதான்.

வடிவத்தைச் சின்னதில் சோதித்துப் பெரியதில் நம்பலாமா என்ற சந்தேகம் நியாயமானது. அதற்கு விடை கண்டவர் வில்லியம் ஃப்ரூட் என்னும் ஆங்கிலேயர். 1860-களில் இங்கிலாந்தின் டார்ட் ஆற்றில் அன்னம், அண்டங்காக்கை என்று பெயரிட்ட இரண்டு வடிவங்களில், மூன்றடி, ஆறடி, பன்னிரண்டடி நீளத்தில் படகு மாதிரிகளை இழுத்து எதிர்ப்பை அளந்தார். 1872-இல் டார்கி நகரில் அதற்கென்றே நீளமான தொட்டி கட்டினார். அவர் கண்டது இதுதான்: நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்தால் சின்னதும் பெரியதும் ஒரே மாதிரி அலை எழுப்பும். ட்வின் ஆட்டரின் இறக்கை அகலம் 19.8 மீட்டர். நம் ஒன்றரை மீட்டர் விமானம் அதில் பதின்மூன்றில் ஒரு பங்கு. பதின்மூன்றின் வர்க்கமூலம் சுமார் 3.6. பெரியது மணிக்கு 72 கிலோமீட்டரில் எழுப்பும் அலையை நம்முடையது 20 கிலோமீட்டரிலேயே எழுப்பும்.

எடைக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எடை நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். ட்வின் ஆட்டரின் உச்ச எடை 5,670 கிலோ. பதின்மூன்றை மூன்று முறை பெருக்கினால் 2,197. வகுத்தால் 2.58 கிலோ. அதாவது ட்வின் ஆட்டரை அப்படியே சுருக்கினால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும். நம் விமானம் 1.65 கிலோ. அந்த 900 கிராம் வித்தியாசம்தான் நமக்குக் கிடைத்த பெரிய வரம். அதனால்தான் நம் மாதிரி சில விநாடிகளில் சறுக்கலுக்கு வந்துவிடுகிறது. கண்டதையெல்லாம் பூசி, கண்ட திருகையெல்லாம் முடுக்கி அந்த வரத்தைத் தொலைத்துவிடக் கூடாது.

வெட்டும் விதம் பலருக்குத் தெரிந்திருக்கும். நிக்ரோம் கம்பியை வில்லில் இழுத்துக் கட்டி, பேட்டரி கொடுத்துச் சூடாக்கி, ஃபோமின் இரண்டு பக்கமும் சன்மைக்கா அச்சு ஒட்டி, அதை ஒட்டிக் கம்பியை ஓட்டுவது. கம்பி தானாக உருக்கிக்கொண்டு போக வேண்டும், நாம் தள்ளக் கூடாது. தள்ளினால் நடுவில் கம்பி பின்தங்கி, பரப்பு குழிந்துவிடும். திறந்த வெளியில் செய்யுங்கள். அந்தப் புகை நல்லதல்ல.

ஒட்டும் பொருளில் கவனம் வேண்டும். ஃபெவிக்விக் ஃபோமைத் தின்னும். படகு செய்கிறவர்கள் பூசும் பாலியெஸ்டர் ரெசினும் தின்னும். எபாக்ஸி தின்னாது. ஒரு சதுர மீட்டருக்கு 25 கிராம் எடையுள்ள மெல்லிய கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, எபாக்ஸியைப் பழைய ஏ.டி.எம். அட்டையால் வழித்து வழித்து எடுங்கள். துணியின் நெசவு கண்ணுக்குத் தெரிந்தால் ரெசின் சரியான அளவு. பளபளவென்று கண்ணாடிபோல் தெரிந்தால் அது கூடுதல் எடை. ஒரு மிதவையின் பரப்பு ஏறக்குறைய 0.19 சதுர மீட்டர். சரியாக வழித்தால் துணியும் ரெசினும் சேர்ந்து 10 கிராம்தான் ஏறும். கையில் பணமில்லாத பிள்ளைகள் பெட்டி ஒட்டும் அகலமான பழுப்பு டேப்பைப் போர்த்தலாம். எடை கிட்டத்தட்ட அதேதான் வரும். வாலிலிருந்து மூக்கை நோக்கி ஒட்டிக்கொண்டே வாருங்கள். அப்போது ஒவ்வொரு மடிப்பின் விளிம்பும் பின்பக்கம் பார்த்திருக்கும், ஓடும் தண்ணீர் அதைப் பிய்க்காது.

கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். ஃபோம் இரண்டுக்கும் 106 கிராம். மேல்தோல் 20. மூன்று மில்லிமீட்டர் எஃகுக் கம்பி, முன்னும் பின்னுமாக இரண்டு வளைவு, 110 சென்டிமீட்டர், 61 கிராம். கம்பியைப் பிடிக்க ஃபோமில் பதிக்கும் பிளைவுட் கட்டைகள், திருகுகள் 40. தண்ணீரில் திருப்ப வாலில் ஒரு சின்னச் சுக்கான் 15. ஆக 242 கிராம். இதில் எடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். கம்பியும் கட்டையும் சேர்ந்து ஃபோமுக்குச் சமமாக வருகின்றன. ஃபோமைக் குடைந்து ஐந்து கிராம் எடுக்க ஒரு நாள் முழுக்கச் செலவழிக்கிறவருக்கு, கம்பி வளைவைக் கொஞ்சம் தாழ்வாக வைத்தால் அதே ஐந்து கிராம் பத்து நிமிடத்தில் கிடைக்கும். ஆனால் சுழலி நுனிக்கும் தண்ணீருக்கும் இடைவெளி வேண்டும். அதைத் தியாகம் செய்து தாழ்த்தாதீர்கள்.

மாட்டும்போது மிதவையின் மேல்தட்டைவிட இறக்கை இரண்டு மூன்று டிகிரி மேல்நோக்கி இருக்க வேண்டும். மிதவை மட்டமாகச் சறுக்கும்போதே இறக்கை தூக்கத் தொடங்கும். மிதவையின் மூக்கு சுழலிக்கு முன்னால் நீண்டிருக்க வேண்டும், மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். வேகமாக இறங்கினால் கீழே தண்ணீர் பிடித்து இழுக்க, மேலே விமானம் முன்னோக்கிப் பாயும். அந்த நேரத்தில் முன்மூக்கில் மிதப்பு இல்லையென்றால் தலைகீழாகக் கவிழும். இரண்டு மிதவைகளுக்கும் இடைவெளி இறக்கை அகலத்தில் கால் பங்கு. சமமாக, இணையாக இருக்கிறதா என்று டேப் வைத்து முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். ஒன்று உள்ளே திரும்பியிருந்தால் விமானம் ஒரு பக்கமாகவே ஓடும். மிதவையின் முன்பகுதிக்குப் பெரிய பக்கப் பரப்பு இருப்பதால், காற்றில் விமானத்தின் வால் நிலைப்பாடு குறையும். வால் அடியில் கையகலத்தில் ஒரு சின்னத் துடுப்பு ஒட்டினால் சரியாகிவிடும்.

ரிசீவரைப் பலூனுக்குள் போட்டு, வயர்கள் வெளியே வரும் கழுத்தை இறுக்கிக் கட்டுங்கள். இப்போதைய மின் மோட்டாருக்கு நன்னீர் பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. லிப்போ பேட்டரி நனைந்தால் மட்டும் அதை உடனே கழற்றி, வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள்.

ஒரு பழக்கத்தை வற்புறுத்திச் சொல்வேன். ஒவ்வொரு மிதவையிலும் அதன் எடையைப் பேனாவால் எழுதிவையுங்கள். பறந்து முடித்ததும் துடைத்து, கழற்றி, மறுபடி நிறுத்துப் பாருங்கள். இரண்டு கிராம் கூடியிருந்தால் எங்கோ தண்ணீர் நுழைகிறது. பெரும்பாலும் கம்பி நுழையும் துளையில்தான்.

எங்கே பறப்பது? போடிச் சுற்றுவட்டாரத்துக் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நிறைந்திருக்கும்போது, காலை வேளையில். ஆனி, ஆடியில் கணவாய் வழியே வரும் காற்று நமக்கு ஆகாது. கண்ணாடிபோல் அசையாத தண்ணீர்தான் உத்தமம் என்று நினைக்க வேண்டாம். மெல்லிய சிற்றலை இருந்தால் மிதவைக்கு அடியில் காற்று நுழையும், தண்ணீர் சீக்கிரம் விடும். இறங்கும்போது உயரம் தெரிவதற்கும் அந்தச் சிற்றலை உதவும். மலைமேல் இருக்கும் அணைகளில் இன்னொரு சங்கடம். மாட்டுப்பெட்டி சுமார் 1,600 மீட்டர் உயரம், போடி சுமார் 350. அங்கே காற்று பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மெலிந்திருக்கும், தண்ணீரோ அதே தண்ணீர். எழுவதற்கு ஆறு சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும், தள்ளும் சுழலிக்கோ பிடிமானம் குறைவு. ட்வின் ஆட்டர் அங்கிருந்து எழுந்தது சாதாரண விஷயம் அல்ல.

அந்தச் சோதனை ஓட்டத்தை ஒட்டி வனத்துறை யானைகளைப் பற்றிக் கவலை தெரிவித்தது. மாட்டுப்பெட்டித் தண்ணீர் யானைகள் வந்து போகும் இடம். அதற்கும் முன்னால், 2013-இல் கேரளம் அஷ்டமுடிக் காயலில் தொடங்கிய கடல்விமானத் திட்டம் மீனவர்களின் எதிர்ப்பால் நின்றுபோனது. நம்முடையது பொம்மை விமானம்தான் என்றாலும் கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவர் இருப்பார், வலை இருக்கும், ஆடு மாடு தண்ணீர் குடிக்க வரும், நீர்ப்பறவைகள் கூடு கட்டியிருக்கும். முதலில் குத்தகைக்காரரைப் போய்ப் பார்த்து, "அண்ணே, காலையில ஒரு மணி நேரம் விட்டுக்கிறோம்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரே பரிசலோடு வந்து நிற்பார். நின்றுபோன விமானத்தை எடுக்க அந்தப் பரிசல்தான் உதவும். தண்ணீரில் இறங்கி நீந்திப் போய் எடுக்காதீர்கள். கண்மாயில் சேறும் பாசியும் ஆளை இழுக்கும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி, 25 கிலோவுக்கு மேற்படாமல், படிப்பு, ஆய்வு, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டும், கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் இயக்குவது மாதிரி விமானம் என்ற வகையில் வரும். அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் உங்கள் இடம் முன்அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலமா என்று பாருங்கள். பச்சை மண்டலத்தில் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. காப்புக்காட்டு எல்லைக்குள் விமானத்தைக் கொண்டே போகாதீர்கள். நம் ஊருக்குத் தெற்கே மேகமலை இன்று புலிகள் காப்பகம். மேற்கே மலைச்சரிவு முழுக்கக் காடு.

மேசையில் மூன்று மிதவைகளை வைத்திருக்கிறேன். ஒன்று நீல ஃபோம், ஒன்று தெர்மாகோல், மூன்றாவதை நடுவில் நீளவாக்கில் அறுத்திருக்கிறேன், பிளைவுட் கட்டை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். பக்கத்தில் தராசு இருக்கிறது. தூக்கிப் பாருங்கள், நிறுத்துப் பாருங்கள், படியின் விளிம்பை நகத்தால் தொட்டுப் பாருங்கள். அச்சு வரைபடம் வேண்டுகிறவர்களுக்கு முழு அளவுக் காகிதத்தில் தருகிறேன். உங்கள் விமானத்தின் எடையையும் உடல் நீளத்தையும் எழுதிக்கொண்டு வந்தால், மிதவையின் அளவை இங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம்.